டொமைன் கன்ட்ரோலருக்குள் போகாமல், நம் மேசையிலிருந்தே யூசர் அக்கவுண்ட்களைப் பார்த்துக்கொள்வது எப்படி?

நூல்மில்_ஐடி · திங்கள் காலை 10:40

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஐடி பார்க்கிறேன். ஹெட் ஆபீசும் இரண்டு யூனிட்டும் இங்கே, ஷிப்பிங் ஆபீஸ் தூத்துக்குடியில். எல்லாம் ஒரே டொமைன். எல்லா அக்கவுண்ட்களையும் வைத்திருந்து லாகினைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர் (டிசி) இங்கே ஒன்று, அங்கே ஒன்று, இரண்டிலும் விண்டோஸ் சர்வர் 2019, நடுவில் விபிஎன். யூசர்கள் 240 பேர் வரை இருப்பார்கள்.

பாஸ்வேர்டு ரீசெட், லாக் ஆன அக்கவுண்டைத் திறந்துவிடுவது, புதிதாகச் சேர்ந்தவருக்கு அக்கவுண்ட் போடுவது என்று எது வந்தாலும் ரிமோட் டெஸ்க்டாப்பில் டிசிக்குள் போய்த்தான் செய்கிறோம். நான், ஒரு ஜூனியர், தூத்துக்குடியில் ஒருவர் என மூன்று பேர். மூவருமே அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற ஒரே அக்கவுண்டில்தான் நுழைகிறோம். ஒருவர் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் நுழைந்தால் முதல் ஆளின் திரை பறிபோய்விடுகிறது. திங்கட்கிழமை காலையில் மெர்ச்சன்டைசிங் ஆட்கள் வரிசையாக போன் செய்வார்கள், நாங்கள் மூவரும் ஒரு திரைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம்.

இதையெல்லாம் என் சொந்த கம்ப்யூட்டரிலிருந்தே செய்ய வழி உண்டு என்று கேள்விப்பட்டேன். என்ன போட வேண்டும், எப்படிச் சரியாகச் செய்வது? ஜூனியருக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கலாம்?

பழைய_என்டி · திங்கள் காலை 11:25

தம்பி, உங்களுக்கு வேண்டியது ஆர்சாட். ரிமோட் சர்வர் அட்மினிஸ்ட்ரேஷன் டூல்ஸ் என்பதன் சுருக்கம். இது புது விஷயமே இல்லை. விண்டோஸ் என்டி 4 காலத்திலேயே யூசர் மேனேஜர் ஃபார் டொமைன்ஸ் என்ற சின்ன புரோகிராமை நம் மெஷினில் வைத்துக்கொண்டு டொமைனில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வோம். விண்டோஸ் 2000, யூசர்களையும் கம்ப்யூட்டர்களையும் பதிந்து வைக்கும் ஆக்டிவ் டைரக்டரியோடு (ஏடி) வந்தபோது அட்மின்பேக் என்ற டூல் தொகுப்பு வந்தது. அதன் வாரிசுதான் ஆர்சாட். இத்தனை வருடமாக மைக்ரோசாஃப்ட் வழி போட்டு வைத்திருந்தும் பாதிப் பேர் டிசிக்குள் ஆர்டிபி (ரிமோட் டெஸ்க்டாப்) போட்டுத்தான் வேலை செய்கிறார்கள். இது எனக்குத் தீராத வருத்தம்.

விண்டோஸ் 10-இல் 1809 பதிப்பிலிருந்து தனியாக டவுன்லோடு செய்ய வேண்டாம். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் ஆர்சாட் என்று தேடுங்கள், நீளமான பட்டியல் வரும். ஆக்டிவ் டைரக்டரி டொமைன் சர்வீசஸ் என்று தொடங்கும் ஒன்றைப் போட்டாலே உங்கள் வேலைக்குப் போதும். குரூப் பாலிசி (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே இடத்திலிருந்து விதி போடுவது) டூலும் டிஎன்எஸ் டூலும் தேவைப்படும்போது போட்டுக்கொள்ளலாம். விண்டோஸ் ப்ரோ அல்லது என்டர்பிரைஸ் வேண்டும், ஹோம் பதிப்பில் ஏறாது.

ஒரு இடத்தில் மாட்டுவீர்கள். உங்கள் ஆபீஸில் அப்டேட்கள், அவற்றை ஆபீஸுக்குள்ளேயே பகிரும் டபிள்யூசஸ் சர்வர் வழியாக வந்தால் இந்த இன்ஸ்டால் பாதியில் எர்ரர் காட்டி நின்றுவிடும். குரூப் பாலிசியில் ஆப்ஷனல் காம்போனென்ட் இன்ஸ்டலேஷன் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதில் இவற்றை நேரடியாக விண்டோஸ் அப்டேட்டிலிருந்து இறக்கச் சொல்லிவிடுங்கள், சரியாகிவிடும்.

போட்டு முடித்ததும் ரன் பெட்டியில் டிஎஸ்ஏ.எம்எஸ்சி என்று அடியுங்கள். டிசியில் நீங்கள் பார்க்கும் அதே யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸ் ஜன்னல் உங்கள் மேசையிலேயே திறக்கும். வியூ மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ் டிக் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கீபோர்டு_கோவை · திங்கள் மதியம் 12:10

ஆர்சாட் போட்டாலே, கட்டளை அடித்து வேலை வாங்கும் பவர்ஷெல்லுக்கான ஆக்டிவ் டைரக்டரி மாட்யூலும் கூட வந்துவிடும். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு அதுதான் மருந்து. சர்ச்-ஏடிஅக்கவுண்ட் கட்டளையோடு லாக்டுஅவுட் என்று கொடுத்தால் இந்த நிமிடம் லாக் ஆகிக் கிடப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே பட்டியலாக வருவார்கள். அன்லாக்-ஏடிஅக்கவுண்ட் என்று பெயரைக் கொடுத்தால் திறந்துவிடும்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் பார்க்கிறேன். ஒவ்வொரு வருடமும் முதலாண்டு மாணவர்கள் மொத்தமாக வருவார்கள். ஆபீஸ் தரும் எக்செல்லை சிஎஸ்வி ஆக்கி, இம்போர்ட்-சிஎஸ்வி, நியூ-ஏடியூசர் இரண்டையும் இணைத்தால் போதும். முதலில் வாட்இஃப் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். எதையும் மாற்றாமல், என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லும். பெயரைத் தமிழில் டிஸ்ப்ளே நேமாகக் கொடுப்பதாக இருந்தால் எக்செல்லில் யூடிஎஃப்-8 சிஎஸ்வி என்ற வகையில் சேமியுங்கள். சாதாரண சிஎஸ்வியில் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று ஏடி கேட்கிறது. நம் ஆட்களுக்கு இருப்பது இனிஷியல். ஒரே வருடத்தில் கார்த்திக் மட்டும் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள், அதில் இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்று. அதனால் லாகின் பெயருக்கு ரோல் நம்பரையே வைத்துவிட்டோம். கம்பெனிக்கு எம்ப்ளாயி நம்பர் வைக்கலாம். கல்யாணமாகி இனிஷியல் மாறினாலும் லாகின் மாறாது. பெயர்தான் வேண்டும் என்றால், பழைய வகை லாகின் பெயர் 20 எழுத்துக்கு மேல் போகாது என்பதை மனதில் வைத்து விதி எழுதுங்கள்.

இன்னொன்று, இந்த மாட்யூல் டிசியோடு 9389 போர்ட்டில் பேசும். தூத்துக்குடி விபிஎன் ஃபயர்வாலில் அது திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிஎஸ்ஏ.எம்எஸ்சி திறக்கிறது, பவர்ஷெல் மட்டும் சர்வரைக் காணோம் என்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

நூல்மில்_ஐடி · திங்கள் மாலை 4:05

போட்டுவிட்டேன், திறக்கிறது. என்டி சார் சொன்ன டபிள்யூசஸ் சிக்கல் அப்படியே வந்தது, பாலிசி மாற்றியதும் சரியானது.

ஒரு சந்தேகம். என் கம்ப்யூட்டரில் நான் சாதாரண யூசராகத்தான் லாகின் ஆகியிருக்கிறேன். ஷிஃப்ட் அழுத்தி ரைட் க்ளிக் செய்து, ரன் அஸ் டிஃபரன்ட் யூசர் கொடுத்து, அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு போட்டுத் திறந்தேன். இப்படியே தொடரலாமா?

காவல்கோபுரம் · திங்கள் இரவு 9:30

தொடர வேண்டாம். இரண்டு காரணம் சொல்கிறேன், இரண்டும் முக்கியம்.

முதலாவது, அந்த அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட். மூன்று பேர் ஒரே பெயரில் வேலை செய்தால் டிசியின் செக்யூரிட்டி லாகில் எல்லாமே அட்மினிஸ்ட்ரேட்டர் செய்ததாகத்தான் பதிவாகும். பாஸ்வேர்டு ரீசெட் 4724, புது அக்கவுண்ட் 4720, டிசேபிள் 4725, அழித்தால் 4726, குளோபல் குரூப்பில் ஆள் சேர்த்தால் 4728 என்று ஒவ்வொன்றுக்கும் தனி நம்பரில் விண்டோஸ் எழுதி வைக்கிறது. யார் செய்தது என்ற கட்டத்தில் எப்போதும் ஒரே பெயர் இருந்தால் அந்தப் பதிவால் என்ன பயன்? நாளைக்கு ஒரு கணக்காளரின் பாஸ்வேர்டை யாரோ மாற்றி உள்ளே போயிருந்தால், உங்கள் மூவரில் யார் மீதும் சந்தேகம் விழும். உங்களைக் காப்பாற்றிக்கொள்ளவாவது ஆளுக்கொரு அட்மின் அக்கவுண்ட் போடுங்கள். தினசரி வேலைக்கு இருக்கும் அக்கவுண்ட் வேறு, இது வேறு. இதற்கு மெயில்பாக்ஸ் வேண்டாம்.

இரண்டாவது, அதை எந்த மெஷினில் அடிக்கிறீர்கள் என்பது. நீங்கள் மெயில் படிக்கும், பையர் அனுப்பும் அட்டாச்மென்ட் திறக்கும் கம்ப்யூட்டரில் டொமைன் அட்மின் பாஸ்வேர்டை அடிக்கும்போது, லாகினைக் கவனிக்கும் விண்டோஸின் எல்சாஸ் புராசஸ் அந்த அடையாளத்தை மெமரியில் வைத்துக்கொள்கிறது. 2011-இல் பெஞ்சமின் டெல்பி வெளியிட்ட மிமிகாட்ஸ் என்ற டூல் அந்த மெமரியிலிருந்து பாஸ்வேர்டையும் ஹாஷையும் (பாஸ்வேர்டின் உருமாற்றிய வடிவம்) எடுத்துக் காட்டியது. அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு மால்வேர் இருந்தால் போதும், 240 பேரின் அக்கவுண்டும் அதன் கையில். ரன் அஸ் என்பது வசதிக்கான வழி. உங்களுக்கும் அந்த மால்வேருக்கும் நடுவில் அது சுவராக நிற்காது.

அட்மின் வேலைக்குத் தனி மெஷின் வையுங்கள். அதில் மெயில் வேண்டாம், பிரவுசிங் வேண்டாம், வாட்ஸ்அப் வெப் வேண்டவே வேண்டாம்.

பழைய_என்டி · செவ்வாய் காலை 8:50

கோபுரம் சொல்வது சரிதான், ஆனால் 240 யூசர் உள்ள கம்பெனியில் மூன்று பேருக்கும் இரண்டாவது லேப்டாப் வாங்கித் தா என்று முதலாளியிடம் போய் நின்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று சொன்னால் அவர் நாளைக்கே பழையபடி ஆர்டிபிக்குப் போய்விடுவார். அதைவிட ரன் அஸ் எவ்வளவோ மேல்.

காவல்கோபுரம் · செவ்வாய் காலை 9:20

என்டி சார், வாங்கச் சொல்லவில்லை. ஸ்டோர் ரூமில் இருக்கும் ஒரு பழைய டெஸ்க்டாப் போதும். விண்டோஸை ஃபிரெஷ்ஷாகப் போட்டு, டிஸ்க்கை பிட்லாக்கரால் பூட்டி, ஐடி அறையில் வைத்துவிடலாம். மூவருக்கும் அதுவே பொது. தூத்துக்குடிக்காரர் ஆர்டிபியில் அதற்குள் வரலாம்.

ஒரே மெஷின்தான் இருக்கிறது என்றால் அதையே அட்மின் மெஷினாக வைத்து, மெயிலுக்கும் பிரவுசிங்குக்கும் உள்ளே ஒரு விர்ச்சுவல் மெஷின் போட வேண்டும். நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். அட்மின் வேலைக்கு விர்ச்சுவல் மெஷின், வெளியே சாதாரண விண்டோஸ். வெளியே இருப்பதில் கீலாகர் உட்கார்ந்தால் உள்ளே அடிப்பதையும் அது படிக்கும்.

அதைவிட முக்கியமாக, அன்றாட வேலைக்கு டொமைன் அட்மின் அதிகாரமே தேவையில்லை. பாஸ்வேர்டு மாற்ற மட்டும் அதிகாரம் உள்ள அக்கவுண்ட் திருடு போனால் சேதம் அந்த அளவோடு நிற்கும். நிஜமான டொமைன் அட்மின் அக்கவுண்ட்கள் சாதாரண பிசிக்களில் லாகின் ஆகவே முடியாதபடி குரூப் பாலிசியில் டினை லாகின் கொடுத்துவிடுங்கள். அவற்றை ப்ரொடெக்டட் யூசர்ஸ் குரூப்பிலும் சேர்க்கலாம், ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். அந்தக் குரூப்பில் இருப்பவருக்கு, ஐபி முகவரி அடித்தால் விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎல்எம் என்ற பழைய சரிபார்ப்பு முறை கிடையாது. ஆர்டிபியில் ஐபி முகவரி அடித்துப் பழகியவர் உள்ளே போக முடியாமல் தவிப்பார். சர்வர் பெயரைத்தான் அடிக்க வேண்டும்.

ஹெல்ப்டெஸ்க்_அக்கா · செவ்வாய் மதியம் 1:15

ஜூனியருக்கு எவ்வளவு அதிகாரம் என்று கேட்டதற்கு இன்னும் யாரும் முழுதாகப் பதில் சொல்லவில்லை. சென்னையில் ஒரு ஹெல்ப் டெஸ்க் டீமை நடத்துகிறேன், இது என் தினசரி வேலை.

அக்கவுண்ட் ஆபரேட்டர்ஸ் என்று ரெடிமேடாக ஒரு குரூப் இருக்கிறது, அதில் தூக்கிப் போட்டுவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். அந்தக் குரூப்பில் இருப்பவர் டிசியிலேயே நேராக லாகின் ஆகலாம், டொமைன் முழுக்க அக்கவுண்ட் போடலாம், அழிக்கலாம். பாஸ்வேர்டு ரீசெட் செய்ய வந்த பையனுக்கு அது மிக அதிகம்.

சரியான வழி டெலிகேஷன், அதாவது குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் அதிகாரம் கொடுப்பது. முதலில் ஊழியர்களை எல்லாம் இடவாரியாக ஓயுக்களில் (ஏடிக்குள் அக்கவுண்ட்களை அடுக்கும் ஃபோல்டர் மாதிரி) பிரியுங்கள்: திருப்பூர், யூனிட்டுகள், தூத்துக்குடி. அட்மின் அக்கவுண்ட்களுக்குத் தனி ஓயு, இதோடு கலக்கக் கூடாது. ரீசெட் வேலைக்கு ஒரு குரூப் போட்டு, ஓயு மேல் ரைட் க்ளிக், டெலிகேட் கன்ட்ரோல். வரும் பட்டியலில் பாஸ்வேர்டு ரீசெட் இருக்கிறது, டிக் செய்தால் முடிந்தது. தூத்துக்குடிக்காரருக்குத் தூத்துக்குடி ஓயு மட்டும்.

ஆனால் லாக் திறப்பது அந்தப் பட்டியலில் இல்லை. இங்கேதான் எல்லோரும் முட்டிக்கொள்வார்கள். கஸ்டம் டாஸ்க் எடுத்து, யூசர் ஆப்ஜெக்ட்ஸ் மட்டும் தேர்ந்தெடுத்து, ப்ராப்பர்ட்டி பட்டியலில் லாக்அவுட்டைம் என்பதற்கு ரீட், ரைட் இரண்டும் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால், பையனால் பாஸ்வேர்டு மாற்ற முடியும், ஆனால் லாக்கைத் திறக்க முடியாது.

இனி லேப்டாப் ஆட்கள். வெளியூரில் இருக்கும் சேல்ஸ் ஆள் போன் செய்வார், நீங்கள் ரீசெட் செய்து புதுப் பாஸ்வேர்டு சொல்வீர்கள், அவர் அடித்தால் தவறு என்று வரும். நீங்கள் மறுபடி ரீசெட் செய்வீர்கள், மறுபடி அதே. காரணம் என்னவென்றால், அந்த லேப்டாப் நம் நெட்வொர்க்கில் இல்லை, தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் பழைய பாஸ்வேர்டை வைத்துத்தான் சரிபார்க்கிறது. பழைய பாஸ்வேர்டிலேயே உள்ளே போகச் சொல்லுங்கள், விபிஎன் இணைக்கச் சொல்லுங்கள், பிறகு விண்டோஸ் கீயோடு எல் அழுத்தித் திரையைப் பூட்டி, புதியதைப் போட்டுத் திறக்கச் சொல்லுங்கள். லேப்டாப்பும் புதியதைப் பிடித்துக்கொள்ளும். பழையதையும் மறந்துவிட்டார் என்றால், லாகினுக்கு முன்பே இணையும் விபிஎன் இருக்க வேண்டும், இல்லையென்றால் மெஷின் ஆபீஸுக்கு வந்தாக வேண்டும். இப்படிப்பட்டவருக்கு, அடுத்த லாகினில் பாஸ்வேர்டு மாற்ற வேண்டும் என்ற டிக்கைப் பழக்கதோஷத்தில் போட்டுவிடாதீர்கள். ஆர்டிபியிலோ விபிஎன்னிலோ வருபவருக்கு மாற்றும் திரையே வராமல் வாசலிலேயே நின்றுவிடுவார்.

கடைசியாக, போனில் பேசுவது யார் என்று உறுதி செய்யாமல் ஒரு ரீசெட்டும் வேண்டாம். 2023 செப்டம்பரில் எம்ஜிஎம் ரிசார்ட்ஸ் மீது நடந்த தாக்குதல் ஹெல்ப் டெஸ்க்குக்கு வந்த போன் காலில்தான் தொடங்கியது என்று செய்திகள் வந்தன. இழப்பு சுமார் 10 கோடி டாலர் என்று அந்த நிறுவனமே தெரிவித்தது. எங்கள் டீமில் விதி ஒன்றுதான்: ஹெச்ஆர் பதிவில் இருக்கும் நம்பருக்கு நாமே திருப்பிக் கூப்பிட வேண்டும். எம்டியின் பிஏ என்று சொன்னாலும் அதேதான். கோபப்படுவார்கள். படட்டும்.

நூல்மில்_ஐடி · வியாழன் மாலை 6:20

அக்கா, ரொம்ப நன்றி. ஓயு பிரித்தாயிற்று, டெலிகேஷன் கொடுத்தாயிற்று, லாக்அவுட்டைமும் சேர்த்துவிட்டோம். ஒரு பழைய டெஸ்க்டாப்பை ஐடி அறையில் அட்மின் மெஷினாக வைத்தாயிற்று. ஜூனியர் இன்று காலை முழுக்க அதிலிருந்தே பார்த்தான், என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

ஆனால் இரண்டு பேருக்கு மட்டும் அக்சஸ் டினைட் வருகிறது. இருவரும் அக்கவுண்ட்ஸில் பல வருடமாக இருப்பவர்கள், மற்றவர்கள் இருக்கும் அதே ஓயுவில்தான் இருக்கிறார்கள். செக்யூரிட்டி டேபில் பார்த்தால் நாங்கள் கொடுத்த பெர்மிஷன் அவர்கள் மேல் மட்டும் இறங்கவில்லை. கையால் இன்ஹெரிட்டன்ஸ் (ஓயுவின் பெர்மிஷன் தானாக இறங்கும் வசதி) போட்டுவிட்டேன், வேலை செய்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் மறுபடி போய்விட்டது. யாரோ திரும்ப எடுப்பது போல இருக்கிறது.

பழைய_என்டி · வியாழன் இரவு 7:45

எடுத்தது ஆள் இல்லை, டிசியேதான். இது ஏடியின் மிக அழகான, மிகக் குழப்பமான ஒரு பாதுகாப்பு ஏற்பாடு, விளக்கமாகவே சொல்கிறேன்.

டொமைன் அட்மின்ஸ், அக்கவுண்ட் ஆபரேட்டர்ஸ், பேக்கப் ஆபரேட்டர்ஸ், பிரின்ட் ஆபரேட்டர்ஸ் மாதிரி சில குரூப்புகளை ஏடி தனிக் கவனிப்பில் வைத்திருக்கிறது. அவற்றில் இருக்கும் யூசர்களின் பெர்மிஷனை யாரும் டெலிகேஷன் மூலம் தொட்டுவிடக் கூடாது என்பது எண்ணம். இல்லையென்றால் உங்கள் ஜூனியர் டொமைன் அட்மின் பாஸ்வேர்டையே ரீசெட் செய்து உள்ளே போய்விடலாம் இல்லையா? அதற்காக அட்மின்எஸ்டிஹோல்டர் என்று ஒரு ஆப்ஜெக்ட் இருக்கிறது. டிசிக்களில் ஒன்றுக்கு மட்டும் தரப்படும் பிடிசி எமுலேட்டர் பொறுப்பில் இருக்கும் டிசி 60 நிமிடத்துக்கு ஒரு முறை அதன் பெர்மிஷனை எடுத்து இந்தக் குரூப் ஆட்கள் எல்லோர் மேலும் அச்சாகப் பதித்து, இன்ஹெரிட்டன்ஸை நிறுத்திவிடும். கூடவே அட்மின்கவுன்ட் என்ற அட்ரிபியூட்டில் 1 என்று குறித்துவிடும்.

குழப்பம் என்னவென்றால், அந்த ஆளைக் குரூப்பிலிருந்து எடுத்த பிறகும் அந்த 1 அப்படியே இருக்கும், இன்ஹெரிட்டன்ஸும் திரும்ப வராது. ஆனால் உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் திரும்பிப் போயிருக்கிறதே, அப்படியானால் அவர்கள் இன்னமும் ஏதோ ஒரு குரூப்பில் இருக்கிறார்கள். நேரடியாக இல்லாமல் குரூப்புக்குள் குரூப்பாகவும் இருக்கலாம். அக்கவுண்ட்ஸ் ஆட்கள் என்கிறீர்கள், எப்போதோ யாரோ பிரின்டர் பிரச்சினைக்காக பிரின்ட் ஆபரேட்டர்ஸில் சேர்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். மெம்பர் ஆஃப் டேபைப் பாருங்கள். அதிலிருந்து எடுத்துவிட்டு, அட்ரிபியூட் எடிட்டரில் அட்மின்கவுன்ட்டைக் காலி செய்து, இன்ஹெரிட்டன்ஸ் போடுங்கள். இந்த வரிசையில்தான்.

கீபோர்டு_கோவை · வியாழன் இரவு 8:10

கெட்-ஏடியூசரில் ஃபில்டராக அட்மின்கவுன்ட் 1 என்று கொடுத்தால் மொத்தப் பட்டியலும் வந்துவிடும். எந்த ஏடியிலும் இதை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், எதிர்பாராத பெயர்கள் வரும். பட்டியலில் கேஆர்பிடிஜிடி என்று ஒன்று இருந்தால் பயப்பட வேண்டாம், தொடவும் வேண்டாம். அது கெர்பரோஸ் என்ற லாகின் சரிபார்ப்பு முறைக்கான சிஸ்டம் அக்கவுண்ட்.

வடமராட்சி · வெள்ளி காலை 7:30

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாடசாலைக் கணினிக்கூடத்தில் விண்டோஸ் சர்வர் லைசென்ஸ் வாங்க வசதியில்லை, லினக்ஸில் சாம்பா என்ற இலவச மென்பொருளைப் போட்டு அதையே டொமைன் கன்ட்ரோலராக வைத்திருக்கிறோம். 2012 டிசம்பரில் வந்த சாம்பா 4.0-இலிருந்து இது முடியும். இந்த இழையில் சொல்லும் டிஎஸ்ஏ.எம்எஸ்சி அப்படியே எங்களுக்கும் வேலை செய்கிறது. ஆசிரியர் அறையில் இருக்கும் ஒரு விண்டோஸ் கணினியில் ஆர்சாட் போட்டு, மாணவர்களின் கடவுச்சொல்லை அங்கிருந்தே மாற்றுகிறோம். சர்வர் அறைக்கு யாரும் போவதில்லை.

ஆனால் கோவை நண்பர் சொன்ன பவர்ஷெல் மாட்யூல் எங்களுக்கு இணையாது. அது பேசும் 9389 சேவை சாம்பாவில் இல்லை. மொத்தமாகப் பயனர் கணக்குகளை உருவாக்குவதற்கு எஸ்எஸ்ஹெச்சில் (கட்டளை வழி ரிமோட் இணைப்பு) சர்வருக்குள் போய் சாம்பா-டூல் கொண்டு செய்கிறோம். இதே நிலையில் இருக்கும் சிறிய பாடசாலைகள் பயப்படாமல் முயன்று பார்க்கலாம்.

நூல்மில்_ஐடி · வெள்ளி மதியம் 2:50

என்டி சார் சொன்னது அச்சு அசலாகச் சரி. இருவரும் பிரின்ட் ஆபரேட்டர்ஸில் இருந்தார்கள். எடுத்துவிட்டு அந்த வரிசையில் செய்தேன், இரண்டு மணி நேரம் கழித்தும் பெர்மிஷன் நிலைத்திருக்கிறது.

அடுத்த விஷயம். தூத்துக்குடியில் ஒருவர் இன்று வேலையை விட்டுப் போகிறார், அவ்வளவு சுமுகமாக இல்லை. ஹெச்ஆர் மாலை 5 மணிக்கு அக்கவுண்டை டெலீட் செய்யச் சொல்கிறார்கள். இங்கிருந்தே செய்துவிடலாம்தானே?

ஹெல்ப்டெஸ்க்_அக்கா · வெள்ளி மாலை 3:20

டெலீட் வேண்டாம், டிசேபிள் செய்யுங்கள். அக்கவுண்டை அழித்தால் அதன் எஸ்ஐடியும் (ஏடி தரும் தனி அடையாள எண்) போய்விடும். நாளைக்கு அதே பெயரில் புதிதாகப் போட்டாலும் ஃபோல்டர் பெர்மிஷன் எதுவும் அதைக் கண்டுகொள்ளாது, ஏடிக்கு அது வேறு ஆள். ஷிப்பிங் டாக்குமென்ட்கள் அவர் பெயரில் இருந்தால் அடுத்து வருபவருக்குத் தலைவலி. டிசேபிள் செய்து, பாஸ்வேர்டை ரேண்டமாக மாற்றி, குரூப்புகளைக் குறித்து வைத்துக்கொண்டு எடுத்துவிட்டு, விலகியவர்கள் என்ற ஓயுவுக்கு நகர்த்துங்கள். ஹெச்ஆர் கேட்பது அவர் உள்ளே வரக் கூடாது என்பதைத்தான், அது இதிலேயே நடந்துவிடும்.

காவல்கோபுரம் · வெள்ளி மாலை 3:45

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 5 மணிக்கு முன்னால் படிக்க வேண்டியது இது.

நீங்கள் திருப்பூரிலிருந்து டிஎஸ்ஏ.எம்எஸ்சி திறந்தால் அது திருப்பூர் டிசியோடு இணைந்திருக்கும். அங்கே டிசேபிள் செய்தது தூத்துக்குடி டிசிக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டும் தனித் தனி சைட் என்றால், ஒன்றின் மாற்றம் மற்றதற்குப் போகும் ரெப்ளிகேஷன் இடைவெளி டிஃபால்ட்டாக 180 நிமிடம். யாரும் மாற்றியிருக்காவிட்டால் மூன்று மணி நேரம் வரை அவர் தூத்துக்குடியில் நிம்மதியாக லாகின் ஆகலாம். பாஸ்வேர்டு ரீசெட்டை வைத்து, எல்லாம் உடனே போய்விடும் என்று நினைத்துவிடாதீர்கள். பாஸ்வேர்டு தவறு என்று வந்தால் அந்த டிசி பிடிசி எமுலேட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளும், அதனால்தான் புதுப் பாஸ்வேர்டு எங்கேயும் உடனே வேலை செய்கிறது. பழைய, சரியான பாஸ்வேர்டு அடிப்பவருக்கு அந்தக் கேள்வியே எழாது.

அதனால் டொமைன் பெயர் மேல் ரைட் க்ளிக் செய்து, சேஞ்ச் டொமைன் கன்ட்ரோலர் போய், தூத்துக்குடி டிசியைத் தேர்ந்தெடுத்து அங்கே டிசேபிள் செய்யுங்கள். பிறகு ரெப்அட்மின் சிங்க்ஆல் ஓட்டி இந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள்.

அதோடு முடியவில்லை. ஏற்கெனவே லாகின் ஆகி ஃபைல் சர்வரைத் திறந்து வைத்திருந்தால், வாங்கி வைத்த கெர்பரோஸ் சர்வீஸ் டிக்கெட் (அனுமதிச் சீட்டு) 10 மணி நேரம் வரை செல்லும். கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டை உங்கள் மேசையிலிருந்தே அந்த ஃபைல் சர்வரோடு இணைத்து, ஷேர்டு ஃபோல்டர்ஸில் செஷன்ஸ் பாருங்கள். அவர் பெயர் இருந்தால் மூடிவிடுங்கள். அவர் கம்ப்யூட்டரை அங்கே இருப்பவரை விட்டு ரீஸ்டார்ட் செய்யச் சொல்வது இன்னும் நல்லது. விபிஎன்னும் மெயிலும் ஏடியோடு இணையாமல் தனியாக இருந்தால் அவற்றையும் மறக்க வேண்டாம்.

பழைய_என்டி · வெள்ளி மாலை 4:10

அழித்த அக்கவுண்ட்களைக் காத்து வைக்கும் ஏடி ரீசைக்கிள் பின் வசதியை இயக்கியிருக்கிறீர்களா தம்பி? இல்லையென்றால் இந்த வாரமே இயக்குங்கள். சர்வர் 2008 ஆர்2-இல் வந்த வசதி, 2012-இலிருந்து அட்மினிஸ்ட்ரேட்டிவ் சென்டரில் ஒரே க்ளிக். யாராவது கைதவறி அழித்தாலும், கெடுவை யாரும் மாற்றியிருக்காவிட்டால் 180 நாளுக்குள் அதே எஸ்ஐடியோடும் குரூப்புகளோடும் மீட்டுவிடலாம். இயக்கினால் திரும்ப நிறுத்த முடியாது, ஆனால் அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

நூல்மில்_ஐடி · திங்கள் காலை 11:30

வெள்ளிக்கிழமை வேலை சுத்தமாக முடிந்தது. தூத்துக்குடி டிசியிலேயே டிசேபிள் செய்து சிங்க் கொடுத்தோம். ஃபைல் சர்வரில் அவர் பெயரில் செஷன் திறந்துதான் இருந்தது, கோபுரம் சொல்லாவிட்டால் பார்த்திருக்கவே மாட்டோம். ரீசைக்கிள் பின்னும் இயக்கியாயிற்று.

இன்று காலை லாக் ஆனவர்களை ஜூனியரே பார்த்துக்கொண்டான். ஒருவர் மட்டும் திறந்த பத்து நிமிடத்தில் மறுபடி லாக் ஆகிறார். இன்னொன்று, பழைய அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை இந்த வாரம் மாற்றிப் பூட்டி வைக்கப் போகிறோம். மாற்றினால் எங்கே என்ன உடையும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா?

கீபோர்டு_கோவை · திங்கள் மதியம் 12:20

திரும்பத் திரும்ப லாக் ஆகிறவருக்குத் திறந்துகொண்டே இருப்பதில் பயனில்லை. பிடிசி எமுலேட்டர் டிசியின் செக்யூரிட்டி லாகில் 4740 தேடுங்கள், காலர் கம்ப்யூட்டர் நேம் என்று எந்த மெஷினிலிருந்து வருகிறது என்பது இருக்கும். ஜூனியரை ஈவென்ட் லாக் ரீடர்ஸ் குரூப்பில் சேர்த்தால் டிசிக்குள் போகாமல் தன் திரையிலேயே இதைப் பார்ப்பான். பெரும்பாலும் பழைய பாஸ்வேர்டோடு மெயில் இழுக்கும் ஒரு மொபைல், இல்லையென்றால் வேறொரு பிசியில் டிஸ்கனெக்ட் ஆகிக் கிடக்கும் ஆர்டிபி செஷன், அல்லது க்ரெடென்ஷியல் மேனேஜரில் தங்கிவிட்ட பழைய பாஸ்வேர்டு. ஒரே நேரத்தில் சம்பந்தமில்லாத பல பேர் லாக் ஆனால் மட்டும் எதையும் திறக்காமல் முதலில் கோபுரம் மாதிரி ஆளைக் கூப்பிடுங்கள். யாரோ பாஸ்வேர்டு அடித்துப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

அட்மினிஸ்ட்ரேட்டர் விஷயத்துக்கு, கெட்-சிம்இன்ஸ்டன்ஸில் வின்32_சர்வீஸ் கேட்டு எல்லா சர்வரிலும் ஓட்டுங்கள். ஸ்டார்ட்நேம் என்ற கட்டத்தில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று எங்கே வருகிறதோ அந்த சர்வீஸ் பாஸ்வேர்டு மாற்றியதும் நிற்கும். பேக்கப் சாஃப்ட்வேரும் டேட்டாபேஸும் இதில் அடிக்கடி மாட்டும். ஷெட்யூல்டு டாஸ்க்குகளுக்கும் இதே மாதிரி ஒரு பட்டியல் எடுங்கள். எந்த ஸ்கிரிப்டிலும் வராத ஒன்று இருக்கிறது, ஜெராக்ஸ் மெஷின். ஸ்கேன் செய்து ஃபோல்டருக்கு அனுப்பும் வசதியில் யாராவது அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டைப் போட்டு வைத்திருப்பார்கள், அதன் வெப் பக்கத்தில் அட்ரஸ் புக் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி சர்வீஸ் அக்கவுண்ட் போட்டு மாற்றிய பிறகு, வேலை குறைவான ஒரு நாளில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அன்று முழுக்க இரண்டு டிசியிலும் 4771, 4776 இரண்டையும் கவனியுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் பெயரில் தோல்வி எந்த ஐபியிலிருந்து, எந்த மெஷின் பெயரிலிருந்து வருகிறதோ அங்கே விட்டுப்போன ஒன்று இருக்கிறது.